டீக்கனார் பார்க்காத ஊஞ்சல்

சர்க்கஸ் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தது. காற்றும் அந்த வழியாகத்தான் எங்கள் நாட்டுக்குள் நுழையும். ரயில் அந்நாளில் திருநெல்வேலியோடு நின்றுவிடும். ஆகவே புலிகள் லாரியில் வந்தன, யானைகள் நடந்து வந்தன, ஒட்டகம் ஒன்று லாரியிலும் ஏறாமல் நடக்கவும் மனமில்லாமல் தோவாளையில் பூக்காரர்களுக்கு எதிரே அரை நாள் படுத்துக்கிடந்ததாகச் சொன்னார்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்ட பிறகு, நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு முன்பு, இடையில் ஒரு தை மாதம். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி நான்கு மாதம். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியாத கால்கள், ஒரு வரி எழுதினால் எழுந்து முற்றம்வரை நடந்துவிட்டு வந்துதான் அடுத்த வரி. ஆனாலும் அந்தத் தை மாதத்தைத் தொட்டால் இன்னும் தலை சுற்றுகிறது, குடை ராட்டினத்திலிருந்து இறங்கியவனுக்குச் சுற்றுவதுபோல.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குக் கிழக்கே இரண்டு மைல், நடுவில் முழுக்க வயல். நாகர்கோவில் திடலில் கூடாரம் எழுந்ததை எங்கள் ஊரிலிருந்தே பார்த்தோம். முதல் நாள் ஒரு கம்பம். மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் வேளிமலைக்குக் கீழே வெள்ளையாக ஒரு புது மலை. யானைகள், குதிரைகள், சிங்கம், மரக்கிணற்றுக்குள் சுற்றும் மோட்டார் சைக்கிள், சொந்த மின்சாரம், சொந்த பாண்டு வாத்தியம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: அந்தரத்தில் பறக்கும் மங்கையர்.

அந்தச் சிவப்பு மைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் லேஸ் பின்னும் கூடம் ஒன்று இருந்தது. இருபத்துமூன்று பெண்கள். மடியில் உருண்டைத் தலையணை, அதில் குத்திய குண்டூசிகள், ஊசிகளைச் சுற்றி நூல் கட்டிய சிறு மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டு, கடலுக்கு அப்பால் யாரோ ஒரு துரைசாணியின் கழுத்துக்குப் பூ பின்னுவார்கள். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். என் மனைவி அவர்களில் ஒருத்தி. நோட்டீஸைக் கூடத்துக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

"மேல பாக்கணும்," என்றாள் என்னிடம். "எனக்கு அவ்வளவுதான். ஒரு நாளு, கழுத்து நோவுத வரைக்கும் மேல பாக்கணும்."

இதில் என்ன கஷ்டம், போய்ப் பார்த்தால் போகிறது என்று தோன்றும். எங்கள் சபையில் அப்படி இல்லை. சபையார் கூத்துக்குப் போகக்கூடாது. போனால் திருவிருந்தில் சேர்க்காமல் நிறுத்தி வைப்பார்கள். அப்படி நிறுத்தப்பட்டவளுக்கு லேஸ் கூடத்திலும் இடம் கிடையாது. என் மாமனாரே, நாடகம் ஒன்று பார்த்ததற்காக ஆறு மாதம் அப்பமும் ரசமும் இல்லாமல் கடைசி பெஞ்சில் இருந்தவர். நாடகம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆறு மாசத்துக்கு ஒள்ள நாடகம் இல்ல மருமவனே. ஒரு மூணு மாசத்துக்கு மதிக்கலாம்" என்பார்.

ஆனால் சர்க்கஸ் கூத்தா? இதற்குமுன் யாரும் கேட்காத கேள்வி. இருபத்துமூன்று பெண்களும் ஒரு தாளில் எழுதிப் போதகரிடம் கொடுத்தார்கள். போதகர் இளவயதுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சபைக் கமிட்டியைக் கூட்டினார். சர்க்கஸ் கூத்துதான் என்று பாதிப்பேர்; இல்லை, அது தேகப்பயிற்சி என்று பாதிப்பேர். எவரும் பார்த்தவர் இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. கடைசியில், எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நடக்காத ஒரு தீர்மானம் போட்டார்கள். மூன்று பேர் போய் சர்க்கஸைச் சோதித்து வரவேண்டும். மூன்று பேரும் கண்ணால் கண்டதைச் சொல்லி, மூன்று பேரும் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்கவேண்டும். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்தான் கடைசி. அதன்பிறகு கூடாரம் கொல்லத்துக்குப் போய்விடும். அறிக்கை வாசிக்கும்வரை மூவரும் ஒரு சொல்கூட வெளியே விடக்கூடாது, கேட்பவர்களுக்கு ஆசை வந்துவிடும்.

மூவரில் முதல்வர் டீக்கனார். சபையின் மூத்த டீக்கன், தென்னந்தோப்புக்காரர், அறுபது வயது, ஆறடி ஆள், குரல் மண்டைக்காட்டுக் கடல்போல இருக்கும். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். என் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து அவர்தான் போடவேண்டியது. நான் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. நோட்டை நீட்டியபோது எழுந்து நின்று, "நான் பாக்கல்ல. கெட்டியிருப்பான், நம்புதேன். ஆனா பாக்கல்ல" என்று பேனாவை மூடிவிட்டார். வேறொருவர் போட்டார். பிணக்கு நாட்களில், "டீக்கனாருக்கக் கண்ணுல நமக்கு இன்னும் கல்யாணம் ஆவல்ல, தெரியுமா?" என்று என் மனைவி சொல்லுவாள்.

இரண்டாவது, பெரிய டீச்சர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் வேப்பமரத்துக் காக்கைகூட வாயை மூடும் என்பார்கள். மூன்றாவது நான். பையன்கள் பள்ளியில் வாத்தியார். எழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி இல்லை.

போதகர் ஆறு கேள்விகளை எழுதித் தந்தார். உடை அடக்கமானதா? மந்திரவாதம் உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? சூதாட்டம் உண்டா? ஆணும் பெண்ணும் கலந்து உட்காருகிறார்களா? ஆறாவது: ஆத்துமாவுக்குப் பிரயோசனம் உண்டா?

செவ்வாய்க்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்குப் போனோம். வயல் வரப்பில் முன்னால் டீக்கனார், நடுவில் டீச்சர், கடைசியில் நான், கையில் நோட்டு. சவ அடக்கத்துக்குப் போகிறவர்கள்கூட அத்தனை விறைப்பாக நடக்கமாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வெளிச்சம்தான் என்னை அடித்தது. வெயில் கூடாரத் துணியில் வடிகட்டி, பதநீர் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தூள், குதிரைச் சாணம், வறுத்த கடலை எல்லாம் கலந்து ஒரே வாசனை. பலகை அடுக்குகளில் ஜில்லா முழுவதும் உட்கார்ந்திருந்தது. திருவட்டாறு பக்கத்து ஆட்கள் பாதி மலையாளமாகப் பேசினார்கள். கடற்கரைக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து கீழே விரித்த வலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணி செறுசு மக்கா. முடிச்சு கொள்ளாம்," என்று மெச்சினார் ஒருவர். "மீனே தப்பாது, பிள்ள எங்கன தப்பும்?" எங்களுக்குப் பின்னால் பனையேறிகள் நான்கைந்து பேர், கைகட்டிக்கொண்டு, யாரையும் சுலபத்தில் மெச்சுவதில்லை என்ற முகத்தோடு. "இடுப்பில கயிறு இல்ல, காலுல தளநார் இல்ல. சரி, பாப்போம்," என்றார் அதில் ஒருவர்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த சர்க்கஸில் பாதி வெறும் பகட்டு. முதல் கால்மணி நேரம் கொடிகளும் ஜிகினாவும் சுற்றிச் சுற்றி வந்தன. யானைகள் கிரிக்கெட் ஆடின. ஆடுவது தெரியாத யானைகள், பார்ப்பது தெரியாத நாங்கள். சிங்கம் ஒன்று வளையத்தைத் தாண்டும்முன் கொட்டாவி விட்டது, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாடம் வாசிக்கும்போது எங்கள் சபையார் விடுவதைப்போல. பாண்டு வாத்தியம் தன்னைத்தானே முந்தப் பார்த்தது. கரடி சைக்கிள் ஓட்டியது, எங்கள் ஊர் தபால்காரரைவிட நிதானமாக. இத்தனை ஆடம்பரத்தையும் கணவாய் தாண்டிச் சுமந்துகொண்டு வரவேண்டுமா என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது முரசு மட்டும் தனியாக, தாழ்வாக, உருள ஆரம்பித்தது.

நீல உடையில் ஒரு பெண் கயிற்று ஏணியில் ஏறினாள். ஏறினாள், ஏறினாள், கூடாரத்தின் உச்சியில் வெயில் விழும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளியாக நின்றாள். ஊஞ்சல் கட்டையைப் பிடித்தாள். இங்கிருந்து போனாள், அங்கிருந்து வந்தாள், இன்னும் அதிகமாகப் போனாள், இன்னும் அதிகமாக வந்தாள். எதிர் ஊஞ்சலில் ஒருவன் முழங்காலால் தொங்கி, தலைகீழாக, இரண்டு கைகளை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். முரசு நின்றது. அவள் கையை விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் முப்பது வருஷமாக எழுதப் பார்க்கிறேன். விட்ட கைக்கும் பிடிக்கப்போகிற கைக்கும் இடையே அவள் யாருடையவளும் இல்லை. பூமிக்கும் அவள் வேண்டாம், வானத்துக்கும் வேண்டாம், அவளுக்கும் இரண்டும் வேண்டாம். ஒரு சுழற்சி, இன்னொரு சுழற்சி, என் பெயர் எனக்கு மறந்துபோயிற்று, ஐயாயிரம் பேருக்கு ஒரே தொண்டை, அந்தத் தொண்டையில் மூச்சே இல்லை—

"கர்த்தாவே! அந்தப் பிள்ளைக்கக் கையை விட்டுராதேயும்! பிடிச்சுக்கிடும் கர்த்தாவே! பிடிச்சுக்கிடும்!"

பக்கத்தில் டீக்கனார். இரு கையையும் கோத்து நெஞ்சில் அழுத்தி, கண்ணை இறுக மூடி, மண்டைக்காட்டுக் கடலை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். முரசு நின்ற அமைதியில் அது கூடாரம் முழுக்கக் கேட்டது. அதே நொடியில் அவன் அவளைப் பிடித்தான். கூரை பிய்ந்தது. பனையேறிகள் எழுந்து நின்று, கட்டிய கையை அவிழ்த்துத் தட்டினார்கள். பெரிய டீச்சர் என் தோளில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் வாங்கியதைவிட அது பலமாக விழுந்தது; ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, பல் எல்லாம் தெரிய.

வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"பாத்தியளா டீக்கனாரே?"

"யான பாத்தேன். கரடி பாத்தேன். சிங்கத்தப் பாத்தேன்."

"ஊஞ்சல்?"

அவர் சிறிது தூரம் நடந்தார். "பாக்கல்ல."

"முன் வரிசையில தானே இருந்தீரு?" என்றார் டீச்சர்.

"இருந்தேன். பிள்ள கைய விட்டுது. நான் கண்ண மூடிட்டேன். தொறந்தப்போ அது அந்தப் பக்கம் நிக்குது. நடுவில ஒள்ளது எனக்குத் தெரியாது."

"நடுவில ஒள்ளதுதானய்யா சர்க்கஸே!" என்றேன்.

"அதான் சாரே. அதத்தான் பாக்கல்ல. பாக்காததுக்கு எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்?"

ஆகவே வியாழக்கிழமை மறுபடி போவதென்று முடிவாயிற்று.

வீட்டில் என் மனைவி வாசல் நடையிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளை எடுத்து மோந்து பார்த்தாள்.

"சொல்லாண்டாம். கமிட்டிக்க வெலக்கு. தலைய மட்டும் ஆட்டுங்க. கொள்ளாமா?"

நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் சோற்றைப் பிசையும்போது என் வலது கை தானாக அந்தரத்தில் நின்றுவிட்டது, கவளத்தோடு.

"அம்மோ, அவ்வளவு ஒயரமா?" என்றாள் அவள்.

வியாழக்கிழமை டீச்சர் ஒரு திட்டத்தோடு வந்தார். டீக்கனாரை நடுவில் உட்காரவைத்து, முரசு உருளும்போது இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் கையில் கிள்ளுவது. டீக்கனார் சம்மதித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். யானைகள் கிரிக்கெட் ஆடின. சிங்கம் அதே இடத்தில் கொட்டாவி விட்டது. முரசு உருண்டது. நாங்கள் கிள்ளினோம். நீலப் பெண் கையை விட்டாள், டீக்கனாரின் கண்கள் கதவு சாத்துவதுபோல மூடின, "கர்த்தாவே!" என்று கடல் கிளம்பியது. நானும் கிள்ள மறந்து மேலே பறந்துகொண்டிருந்தேன்.

இந்த முறை ஒரு கோமாளி அவரைக் கவனித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை கேட்ட சத்தம் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கவேண்டும். முகத்தில் வெள்ளைப் பூச்சு, மூக்கில் சிவப்பு உருண்டை, இடுப்பில் நான்கு பேர் நுழையும் கால்சட்டை. வளையத்தின் விளிம்பில் எங்களுக்கு நேர் எதிரே வந்து, தொப்பென்று முழங்காலில் விழுந்து, கையைக் கோத்து, கண்ணை மூடி, வாயைக் கோணி, டீக்கனார் செய்வதையெல்லாம் செய்தான். பலகை அடுக்குகள் சிரித்தன. பெண் மேலே பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்குக்கூட யாரும் கை தட்டவில்லை, எல்லாம் சிரிப்பு. சிரிப்பு கேட்டு டீக்கனார் கண்ணைத் திறந்தார். எதிரே ஓர் அடி தூரத்தில் தன்னைப்போலவே இன்னொருவன்.

அவர் அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேறிவிட்டார். மோட்டார் சைக்கிள் ஆட்டம் பாக்கி இருந்தது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். இரண்டு மைல் வரப்பிலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"போச்சு," என்றார் டீச்சர் என் காதில். "நம்ம அறிக்கையில யானை ஏறிட்டு."

அன்றைக்கு என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைகளை டக் டக் என்று மாற்றிப் போட்டபடி, தலை நிமிராமல் பேசினாள்.

"இஞ்ச பாருங்க. நாளைக்கு டீக்கனாரு வேண்டாம்னு சொன்னாருன்னா நீங்க எதிர்த்துப் பேசாண்டாம். நான் சனிக்கெழம போவேன். ஒத்தைக்குப் போவேன். ஆறு மாசம் நிறுத்தட்டும், எங்கப்பா இருந்த பெஞ்சுதானே."

"ஏட்டி, கூடத்திலேருந்து உன்ன வெளியே தள்ளிருவாங்க. இந்தக் கை வேலைய விட்டுட்டு இருப்பியா?"

கட்டைகள் நின்றன. அவளுக்கு அந்த வேலையும் வேண்டியிருந்தது, மேலே பார்க்கவும் வேண்டியிருந்தது, இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு அப்போது டீக்கனார்மேல் வந்த கோபம், பிற்பாடு எந்த மந்திரிமேலும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் கிறிஸ்துமஸுக்குக்கூட வராது. பெண்கள் பக்கம் இருபத்துமூன்று பேரும் ஒரே வரிசையாக. பெரிய டீச்சர் எழுந்து முதல் ஐந்து கேள்விகளுக்கும் பதில் வாசித்தார். உடை இறுக்கம்தான், தொளதொளவென்று உடுத்துப் பறந்தால் கயிற்றில் மாட்டிச் சாக வேண்டியதுதான். மந்திரம் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை, யானைப்பாகன் யானையிடம் சொன்னது புரியவில்லை. சூதாட்டம் இல்லை. பெண்களுக்குத் தனி இடம் உண்டு, சோதனைக்காக அவர் மட்டும் அங்கே உட்காரவில்லை. "ஆறாவதுக்கு மூணு பேரும் தனித்தனியாச் சொல்லணும்" என்று கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்லுதேன். உண்டு. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. செவ்வாக்கெழம நான் சிரிச்சேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் தொலைத்துவிட்டு, "உண்டு" என்று மட்டும் சொன்னேன்.

டீக்கனார் எழுந்தார். என் மனைவி கையிலிருந்த பாட்டுப்புத்தகத்தை மூடிவிட்டாள்.

"நான் ஊஞ்சலப் பாக்கல்ல," என்றார். "ரெண்டு மட்டம் போனேன். ரெண்டு மட்டமும் பாக்கல்ல. அது எப்பிடி இருக்கும்னு எங்கிட்ட யாரும் கேக்காண்டாம்."

கோயிலுக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது.

"ஆனா ஒண்ணு பாத்தேன். அதச் சொல்லுதேன். ஒரு கோமாளி என்னக் கேலி செய்ய வந்தான். எனக்கு முன்னால முட்டுகுத்தி நின்னான். ஊரே சிரிச்சுது. சிரிப்புல நான் கண்ணத் தொறந்தேன். அவனும் தொறக்கணும் இல்லியா? கேலி முடிஞ்சுதே. அவன் தொறக்கல்ல. மேல ஆட்டம் முடியல்ல, அந்தப் பிள்ள திரும்பிச் சாடுதா. அவனுக்க ஒதடு அசையுது. கோணல் எல்லாம் போச்சு. வெள்ளப் பூச்சுக்குள்ள வேர்வ ஓடுது. வலை குலுங்குத சத்தம், பிள்ள எறங்கிட்டுன்னு கேட்ட பொறவுதான் கண்ணத் தொறந்தான். தொறந்ததும் மறுபடி வாயக் கோணிட்டு ஓடிட்டான். இத நான் கண்ணால பாத்தேன். இதுக்குக் கையெழுத்துப் போடுவேன்."

அவர் தொடர்ந்தார்.

"தெனம் மூணு ஆட்டம். தெனமும் பாக்குதவன் அவன். அவனுக்கே கண்ணு மூடுது. ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ணும்போ இந்தக் கோயிலுக்குள்ள எத்தன கண்ணு உள்ளபடி மூடுதுன்னு முப்பது வருஷமா நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

பின் பெஞ்சிலிருந்து என் மாமனார் குரல் வந்தது. "அப்போ முப்பது வருஷமா நீரு ஜெபத்தில கண்ண மூடல்லியாவே?"

கோயில் வெடித்தது. போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்; தோள் குலுங்குவது தெரிந்தது. டீக்கனார் காதுவரை சிவந்து நின்றார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை, கடல் சிரித்தது. "மூடல்லவே! உள்ளதுதான்! அந்தக் கூடாரத்திலதான் மொத மட்டம் மூடினேன், போருமா? எழுதிக்கிடும்!" என்று என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அறிக்கைக்குக் கீழே தன் பெயரை எழுதினார், மை தெறிக்க. இருபத்துமூன்று பெண்களில் யாரோ ஒருத்தி கை தட்டினாள். கோயிலுக்குள் கை தட்டக்கூடாது என்று யாருக்கும் அந்நேரம் நினைவில்லை.

சபையின் அனுமதியோடு பெண்கள் போன சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு, சோதனைக்காரர்கள் என்ற முறையில் பெரிய டீச்சரும் நானும் போனோம். வரப்பில் வெள்ளைச் சேலைகள் வரிசையாக, சிறகு விரிக்கப்போகிற கொக்குக் கூட்டம்போல. கூடாரத்தில் பெண்கள் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். முரசு உருண்டதும் நான் மேலே பார்க்கவில்லை. இரண்டு முறை பார்த்தாயிற்று. அந்த வரிசையைப் பார்த்தேன். எப்போதும் உச்சிவகிடு மட்டுமே தெரிகிற தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்தன. இருபத்துமூன்று கழுத்துகள், இருபத்துமூன்று தாடைகள். நீலப் பெண் போகிற பக்கமெல்லாம் அவை சேர்ந்து போயின, வருகிற பக்கமெல்லாம் வந்தன, காற்றில் கதிர் சாய்வதுபோல. என் மனைவி வாயைத் திறந்திருந்தாள். ஒரு கையால் தன் பின்னங்கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கையை விட்ட நேரம் எனக்குத் தெரியும், என் மனைவியின் இரு குதிகாலும் பலகையை விட்டு எழுந்தன.

பிற்காலத்தில் சென்னையில், பம்பாயில், இதைவிடப் பெரிய கூடாரங்களைப் பார்த்தேன். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், சுற்றும் மேடை, செயற்கைப் பனி. எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட என்னிடம் மாமனாரின் அளவுகோல்தான் உண்டு: இதற்கு எத்தனை மாதம் கடைசி பெஞ்சில் உட்காரலாம்? பலவற்றுக்கு ஒரு வாரம்கூட இல்லை. கொட்டாவிச் சிங்கத்தையும் பகட்டுக் கொடிகளையும் கழித்துவிட்டாலும், அந்த நாகர்கோவில் ஊஞ்சலுக்கு ஆயுள் முழுக்க உட்காரலாம்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் யாரும் நேராக நடக்கவில்லை. ஒருத்தி வரப்பில் கைகளை விரித்துக் கம்பிமேல் நடந்தாள், ஒருத்தி கரடி, இரண்டு பேர் யானை. பாதி வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடும், ஆறடி அகலம், தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளித் தென்னந்தடிப் பாலம் உண்டு. எல்லோரும் அதை நோக்கித் திரும்பினார்கள். என் மனைவி திரும்பவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். பின்னால் நாலடி போனாள்.

"ஏட்டி, சாடப்போறியா?" என்று கத்தினாள் ஒருத்தி.

சாடினாள். ஒரு கணம் வாய்க்காலுக்கு மேலே வெள்ளையாக இருந்தாள், தண்ணீரிலும் ஒருத்தி வெள்ளையாக இருந்தாள். அக்கரையில் புல்லில் விழுந்து உருண்டு எழுந்தாள். அப்புறம் யாரைப் பிடிப்பது? ஒருத்தி பின் ஒருத்தியாகப் பறந்தார்கள், கூவிக்கொண்டு, மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு, ஏசுவே என்றும் அம்மோ என்றும். இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள், சிரிப்பில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, ஓடிவந்து தாண்டினார். சுத்தமாகத் தாண்டினார்.

இக்கரையில் நான் மட்டும். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் அறிக்கை நோட்டு. வாய்க்காலைப் பார்த்தேன். பாலத்தைப் பார்த்தேன். பாலம் வழியாகப் போனேன்.

"பாருங்கட்டி!" என்று அக்கரையிலிருந்து என் மனைவி, ஈரப் புல் ஒட்டிய முகத்தோடு, வயல் முழுக்கக் கேட்கக் கூவினாள். "மூணு மட்டம் சர்க்கஸ் பாத்த ஆளு, அன்னா பாலத்தப் பிடிச்சுட்டுப் பைய வாறாரு!"